வேண்டாம் என்று போன சம்பந்தம்

வலது முழங்காலுக்கு மேலே வீக்கம் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. வடுகபட்டி வீட்டில் பூண்டு மூட்டை இடித்துவிட்டது என்று நானே சொல்லிவைத்தேன். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கட்டுப்போடுகிறவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்து அப்பி, இறுக்கிக் கட்டினார். பகலில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். படுத்தால்தான் உயிர் போகும்.

பெரியகுளத்து டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே, மதுரைக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். அந்த வாரம் ஜெயமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன பெண் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எந்த வரனும் எட்டிப் பார்க்காது.

"வந்து பூ வச்சுட்டுப் போகட்டும். தையில கல்யாணம். பெறகு மாப்ளையே கூட்டிட்டுப் போவாரு" என்றார் அப்பா.

என் கட்டியையும் சீர்வரிசையோடு சேர்த்து அனுப்பத் தீர்மானித்துவிட்டார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. தூங்கி வெகு நாளாகியிருந்தது.

அவர்கள் வந்த அன்று காலின் கட்டை அவிழ்த்து, சேலையைத் தழையக் கட்டி அனுப்பினாள் அம்மா. காப்பி கொடுக்கும்வரை சமாளித்தேன். மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தவளால் எழ முடியவில்லை. அந்த அம்மாள்தான் என்னைத் தூக்கிவிட்டாள். தூக்கும்போது சேலைக்கு மேலேயே முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிள்ளைக்குக் காலு இப்பிடி வீங்கிக் கெடக்கு, பூ வைக்கக் கூப்பிட்டீகளா? எங்களுக்கு வேணாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பஜ்ஜியைத் தொடாமல் போய்விட்டார்கள். அம்மா தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். அப்பாவுக்கு வேறு மாதிரிக் கோபம். "ஒண்ணுமில்லைன்னு பெரிய டாக்டர் கையால எழுதி வாங்கி அவ மூஞ்சியில வீசுறேன்" என்று மறுநாளே என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றினார்.

எலும்பில் புற்று என்றார் மதுரை டாக்டர். பிழைப்பது கட்டி இருக்கும் இடத்தையும் அளவையும் பொறுத்தது, எல்லாவற்றையும்விட அது நெஞ்சுக்குப் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று அப்பாவிடம் விளக்கினார். "நெஞ்சுப் படம் இப்ப சுத்தமா இருக்கு. தை வரைக்கும் விட்டிருந்தா சொல்ல முடியாது. காலை எடுத்துரலாம். அப்பவும் உத்தரவாதம் கிடையாது."

பக்கத்துக் கட்டிலில் கடமலைக்குண்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதே இடம். வீக்கம் என்னுடையதைவிடச் சின்னது. தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. அவள் வீட்டிலும் கல்யாணம் முடியட்டும் என்றுதான் இருந்திருக்கிறார்கள். அவள் நெஞ்சுப் படத்தில் புள்ளிகள் விழுந்துவிட்டன.

"ஒன்னைய யாரு இம்புட்டுச் சீக்கிரம் கூட்டியாந்தாக?" என்று கேட்டாள். அவள் இரண்டு காலோடும் ஊருக்குப் போனாள். சித்திரைக்குள் அவள் செத்த செய்தி வந்துவிட்டது.

அப்புறம் வருஷக்கணக்கில் ஒற்றைக் காலும் கக்கத்தில் ஊன்றுகட்டையுமாகப் பஸ் ஏறி, நெஞ்சைப் படம் எடுத்து, பார்த்துச் சொல்லும்வரை பெஞ்சில் காத்திருந்ததுதான் என் வாழ்க்கை. இருமல் வந்தால் பயம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பயம். அலுத்துப்போயிற்று. நான் பிழைத்ததற்குக் குலசாமிதான் காரணம் என்பாள் அம்மா. டாக்டர் கைராசி என்பார்கள் மற்றவர்கள். யாரும் ஜெயமங்கலத்துப் பேச்சை எடுப்பதில்லை.

அந்த அம்மாள் இறந்த சேதி வந்ததும் கிளம்பினேன். "அவ வீட்டுப் படிய மிதிக்காத" என்று அம்மா கத்தினாள். போனேன். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மருமகள் பக்கத்தில் வந்தாள்.

"யாருன்னு தெரியலையே அக்கா?"

"ஒங்க மாமியா வேணாம்னு சொன்ன பொண்ணு நாந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.