பொற்றாசியத்தின் கடைசிக் குண்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கலடிச் சந்தியில் என் இரும்பு ஒட்டுப் பட்டறை, வயலுக்கு ஓடுகிற உழவு இயந்திரப் பெட்டிகள், இரண்டு கோயில்களின் வாயிற்கதவுகள், எல்லாம் இந்தக் கையால் எழுந்தவை. பட்டறை இரண்டு முறை எரிந்தது. மூன்றாம் முறையும் எழுப்பினேன். இன்று என் சட்டைப் பையில் கிடந்து உறுத்துவதோ ஒரேயொரு குண்டு, சைக்கிள் அச்சுக்குள் உருளும் சின்ன இரும்பு மணி.

ஊர்ப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் என் குடியைச் சேர்ந்தவர். தாய்வழியில் ஒரே குடி என்பதால் என்னை அண்ணன் என்றே அழைப்பார். முதல் இருபது மூலகங்களையும் பள்ளி மண்டபச் சுவரில் இரும்பால் அமைக்கக் கேட்டு வந்தார். இலத்திரனுக்குச் சைக்கிள் குண்டு, அது சுற்றும் பாதைக்குக் கம்பி வளையம். எண்ணிக்கையை அவர் எழுதித் தந்தார்; நான் ஒட்டினேன்.

ஒரு பின்னேரம் தேநீரும் கையுமாகச் சலித்துக்கொண்டார். "இலிதியம், சோடியம், பொற்றாசியம் ஏன் ஒரே கூட்டம் எண்டு பிள்ளையளிட்ட கேட்டா, புத்தகத்தில அப்பிடித்தான் இரிக்கி எண்டுதுகள், அண்ணன்."

மூன்றும் என் காலடியில் கிடந்தன. வளையங்கள் இரண்டு, மூன்று, நான்கு. வெளிவளையத்தில் மட்டும் மூன்றுக்கும் ஒரே குண்டு.

"என்ன சேர், வாசல்ல நிக்கிற ஆள்தானே சம்பந்தம் பேசும்? மூண்டு வாசல்லயும் ஒரு ஆள். அப்ப மூண்டும் ஒரே குடி. ஒண்டு மாங்கேணியில, ஒண்டு தன்னாமுனையில இருந்தாலும் குடி மாறுமா? அதுக்குள்ள கலியாணமும் இல்ல."

"அப்ப குளோரின்?"

அதன் வெளிவளையத்தில் ஏழு. எட்டு வந்தால்தான் வளையம் நிறையும் என்று சேர் முன்பே சொல்லியிருந்தார்; ஒன்று குறை.

"அது மாப்பிள்ளைக் குடி. இந்த ஒண்டைக் குடுத்தாச் சரி."

"கறியுப்பு!" என்று சேர் துள்ளினார். "நீங்க படிச்சிருந்தா எங்கட பிழைப்பு போயிரிக்கும், அண்ணன்."

திறப்பு விழாவில் கடைசி வரிசையில் இருந்தேன். "இந்தக் குடி விளக்கம் நான் பல வருடம் யோசித்துக் கண்டது" என்றார் சேர். என் பெயர் வரப்போகிறதென்று முதலில் கை தட்டியவனும் நான்தான். வரவில்லை. சுவர்ப் பலகையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. ஒரே குடி என்றால் குணமும் ஒன்றாயிருக்கும் என்று நம்பினேன். இரும்புக்குள் பொய்க்காத கணக்கு மனிதரிடம் பொய்த்துவிட்டது.

போன கிழமை பொற்றாசியத்தின் வெளிக்குண்டு கழன்று விழுந்ததாம். சேர் அதைப் பள்ளிக் காவலாளியிடம் கொடுத்தனுப்பி, ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறார். இது இல்லாமல் பொற்றாசியம், யாரோடும் சேராத ஆகனின் எண்ணிக்கையோடு அந்தச் சுவரில் நிற்கிறது. பிள்ளைகள் பிழையாகப் படிப்பார்கள் என்பது எனக்கும் நோகிறது.

ஒட்ட ஒரு நிமிடம் போதும், சேர். முதலில் பலகையில் என் பெயரை எழுதுங்கள். இரும்பு வேலைக்கு அல்ல, குடி சொன்னதற்கு.