பொட்டு வைத்த கருக்கள்

பள்ளியில் ஓவியம் சொல்லித்தருபவள் நான். ஒரு நாள் கரும்பலகையின் மேல் பாதிக்குக் கை போகவில்லை. சுளுக்குதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் தலை பின்னவும் முடியாமல் போனது.

வேலூரில் மரபணுச் சோதனை செய்தார்கள். முக-தோள் தசைத் தேய்வு (முகமும் தோளும் மெல்ல மெல்ல வலுவிழக்கும் பரம்பரை நோய்) என்றார் டாக்டர். குணமாக்க மருந்து இல்லை, உடற்பயிற்சிதான். பிறக்கும் குழந்தைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கருக்களை வெளியே உருவாக்கி, சோதித்து, நோயில்லாததை மட்டும் கருப்பையில் வைக்கலாம் என்றும் சொன்னார்.

“மத்ததுங்க?” என்று கேட்டேன்.

“அதைப் பயன்படுத்த மாட்டோம்மா.”

மற்றவை என்றால் என்னைப் போன்றவை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது? டாக்டர் தன்மையானவர். இந்த வலியை இன்னொரு உயிருக்குக் கொடுக்க எனக்கும் மனசில்லை.

வரைந்தால்தான் எனக்கு யோசனை ஓடும். துணியைத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். வட்ட வட்டமாகக் கருக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் தூங்கும் ஒரு முகம். நோயுள்ளவை எவை என்று தெரிய வேண்டுமே, அவற்றின் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தேன்.

என் கணவர் சேகருக்கு அடி அண்ணாமலையில் டீக்கடை. சோதனை செய்தே ஆகவேண்டும் என்று என்னைவிடப் பிடிவாதமாக இருந்தவர் அவர். பௌர்ணமி கிரிவல வியாபாரம் முடிந்து களைத்து வந்தவர், படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“திருஷ்டிப் பொட்டு வெச்சதெல்லாம் நம்ம கொழந்தைங்களா?”

“இல்லீங்க. அதெல்லாம் வேணாம்னு ஒதுக்கறது.”

“பொட்டு வெச்சிட்டு எப்படி ஒதுக்குவே?”

வாதத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் வைத்த புள்ளிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அன்று இருவரும் நெடுநேரம் பேசினோம். பிறகு டாக்டரிடம் போய், சோதனை வேண்டாம் என்று சொன்னேன். நன்றாக யோசித்தீர்களா என்றார். வரைந்தே பார்த்துவிட்டேன் என்றேன்.

அந்தப் படம் செங்கம் சாலையில் ஒரு காபிக்கடைச் சுவரில் சில வாரம் இருந்தது. தசைநோயில் மகனை இழந்த ஒரு தாய் வந்து, அடுத்த குழந்தைக்குச் சோதனை செய்யப்போவதாகச் சொன்னார். தாராளமாகச் செய்யுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இதே முடிவின் முன் நிற்கும் உங்களுக்கும் நான் வழி சொல்லவில்லை. ஒதுக்குவது யாரை என்று ஒருமுறை முகம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். கைக்கு எட்டாத இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. சீப்பு, கண்ணாடி, டீத்தூள் டப்பா எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. பிள்ளைக்கு வாங்கிய மை டப்பாவை மட்டும், அடுத்த வருஷமும் கை எட்டட்டும் என்று, இன்னும் ஒரு தட்டு கீழேயே வைத்திருக்கிறேன்.