தலைப்பிரசவத்துக்குக் காலி செய்த வீடு

எங்கள் வீட்டு நடுக்கூடத்து மின்விசிறிக்கு இறக்கை கிடையாது. மோட்டார் மட்டும் தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரிப்பேருங்களா?" என்று கேட்பார்கள். ரிப்பேரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் குருவிகள் கூடம் முழுக்கப் பறக்கும். ஒரு தடவை விசிறி ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் திறந்துவிட்டேன். ஒரு பச்சை லவ் பேர்ட்ஸ் அடிபட்டு என் காலடியில் வந்து விழுந்தது. அன்றைக்கே என் வீட்டுக்காரரை ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லி மூன்று இறக்கைகளையும் கழற்ற வைத்தேன். ஆரணி வெயில் எப்படிப்பட்டது என்று இங்கே ஒரு சித்திரை மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நானும் அவரும் எங்கள் பெண்ணும் ஆளுக்கொரு விசிறி மட்டையோடு உட்கார்ந்திருப்போம். எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. மற்ற இரண்டு பேருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

இதை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தாம்பூலப் பையோடு ஒரு சின்னக் கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு ஜோடி பின்ச் குருவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சிவந்த மூக்கு. "பாப்பாவுக்கு வெளாட்டு காட்டலாம்னு வாங்கினேன்" என்றார். பாப்பா என்பது எங்கள் ஒரே பெண். அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் இரண்டு நாள் பார்த்தாள், அப்புறம் மறந்துபோனாள். நான் பிடித்துக்கொண்டேன். பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு, எழுந்து வந்தால் பார்க்க ஏதாவது வேண்டாமா? ஜோடி முட்டை வைத்தது, குஞ்சு பொரித்தது. பிறகு லவ் பேர்ட்ஸ் வந்தது, கொண்டை வைத்த காக்டெயில் கிளி வந்தது, வேலூரிலிருந்து வெள்ளைப் புறா வந்தது. நடுக்கூடத்தில் பாதியை வலை அடித்து மறைத்தோம். அறுபது உருப்படிக்குக் குறையாமல் வீட்டில் எப்போதும் இருந்தது. தினை, கம்பு, கொத்திக் கொத்தி மூக்கைத் தீட்டக் கடல்நுரை, மதியத்துக்குக் கீரை. எனக்குக் கோபம் வந்தால் வாயில் என்னென்ன வரும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அதுகளிடம் மட்டும் நான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை.

பட்டு நெய்கிற வீட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை ஆரம்பத்திலேயே செய்தோம். பின்ச் குருவி, கூண்டில் கட்டிவிட்டிருந்த சின்ன மண்பானைக்குள் வைக்கோலை இழுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வைக்கோலு குத்தும்மே. நம்ம வூட்ல இல்லாத பட்டா? மெத்துன்னு இருக்கும்ல?" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. தறியில் அறுந்த இழை, முனை நறுக்கியது என்று முன்கூடத்தில் எப்போதும் கிடக்கும். அள்ளிப் போட்டோம். குருவிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி ஓடி எடுத்துக்கொண்டு போனது. பானைக்குள் மயில் நீலமும் அரக்குமாக ஒரு மெத்தை. தெருவே வந்து பார்த்தது. "இன்னா யோகம்டி, முகூர்த்தப் பட்டுல பெரசவம் பாக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

குஞ்சுகள் வளர்ந்து வெளியே வந்தன, ஒன்று மட்டும் வரவில்லை. கையை விட்டு எடுத்தேன். காலைச் சுற்றி ஒரு இழை. பருத்தி நூலாக இருந்தால் அது உதறின உதறலுக்கு அறுந்திருக்கும். பட்டு அறுமா? உதற உதற இறுகியிருக்கிறது. கால் எரிந்த தீக்குச்சி மாதிரி கறுத்துப்போயிருந்தது. கத்தரியால் இழையை வெட்டினேன். கால் இரண்டு நாளில் தானாகவே விழுந்துவிட்டது. நான் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்து வீட்டுக்காரர் சோறு தின்னாமல் எழுந்து போனார்.

அதற்கப்புறம்தான் வீட்டில் சட்டம் வந்தது. தறி நூல் ஒரு இழைகூட நடுக்கூடத்துக்குள் வரக்கூடாது. நெய்கிற வீட்டில் நூல் எங்கேதான் ஒட்டாது? புடவையில், வேட்டியில், தலைமயிரில், உள்ளங்காலில். அதனால் வாசற்படியில் நின்று உதறிவிட்டுத்தான் யாரும் உள்ளே வரவேண்டும். பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் தறிக்கூடத்தைத் தாண்டித்தானே வரவேண்டும்? படியில் நிறுத்தி, பாவாடையைத் தட்டி, பின்னலைப் பிரித்துப் பார்த்துத்தான் விடுவேன். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைச் செய்யாறில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. காலை பஸ்ஸில் வருவாள், சாயந்திர பஸ்ஸில் போய்விடுவாள். "அவருக்கு நைட் ஷிப்டும்மா, சமைச்சி குடுக்கணும்" என்பாள். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

போன வருஷம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. தறியை விட்டு எழுந்து தெருவில் இருக்கிற எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எங்கள் பக்கம் இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டியது, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன பிறகு கொண்டுபோய் விடவேண்டியது. அந்த மூன்று மாதம் எனக்கு வேண்டியிருந்தது. என் பெண் என் வீட்டில் படுத்து எழுந்திருக்கவேண்டும், அவள் பிள்ளையை என் காலில் போட்டு நான் குளிப்பாட்டவேண்டும். இதைத் தவிர இந்த உலகத்தில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் சம்பந்தியம்மா வீட்டைப் பார்க்க வந்தார். இறக்கை இல்லாத விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முந்தானையால் விசிறிக்கொண்டே வலைப்பக்கம் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாங்க சம்மந்திம்மா, இந்த வாடையிலயா எம் பேரப்புள்ள வந்து படுக்கப்போவுது?"

"தெனம் ரெண்டு வாட்டி கழுவுறங்க."

"கழுவினா ரெக்கை தூசு போயிடுமா? டாக்டரே ஆவாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"மாடியில ஷெட்டு போட்டு எல்லாத்தையும் ஏத்திடறங்க. கீழ ஒண்ணு இருக்காது."

"மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா? வூட்ல அதுங்க இருக்கட்டும், இல்ல கொழந்த இருக்கட்டும். யோசன பண்ணிகினு நீங்களே சொல்லுங்க." காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன். பெண்ணைக் கொடுத்த இடம், வாயைக் கட்டிக்கொண்டேன். சம்பந்தியம்மா பஸ் ஏறின உடனே பெண்ணுக்குப் போன் போட்டேன். "இன்னாடி, உங்க மாமியாரு இப்படி சொல்லிட்டு போறாங்க?"

"அத்த சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லியேம்மா."

"அப்ப அதுங்கள அனுப்பிட்டா நீ வந்துடுவ இல்ல?"

"மொதல்ல அனுப்பும்மா. அப்பால பாக்கலாம்" என்றாள். எனக்கு 'அனுப்பு' என்பதுதான் காதில் விழுந்தது. 'அப்பால பாக்கலாம்' விழவில்லை.

வேலூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளைக் கூடத்தில் வரிசையாக வைத்து, வலைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டான். அவன் கை பட்டதும் அதுகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! என் கைக்குத் தானாக வந்து உட்காருகிற ஜென்மங்கள். ஒரு காக்டெயிலுக்கு வயதாகி ஒரு கண் தெரியாது. எங்களோடு பதினைந்து வருஷம் இருந்தது. "இது கெழடுக்கா, இத யாரு வாங்குவாங்க?" என்று தள்ளி வைத்தான்.

"சும்மாவே எடுத்துகினு போப்பா. தனியா வுட்டா செத்துடும்."

வேண்டாவெறுப்பாகப் பெட்டியில் போட்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நான் நிற்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் வெறி பிடித்தவள் மாதிரி வேலை செய்தேன். வலையைப் பிய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையை மூன்று தடவை கழுவினேன். சுண்ணாம்பு அடித்தோம், விசிறிக்கு இறக்கை மாட்டினோம். தொட்டில் கட்டப் பழைய நூல் புடவைகளைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்து மடித்து வைத்தேன். வீடு பளபளவென்று ஆனது. அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் எழுந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. போகட்டும், பிள்ளை வந்து அழுதால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

வளைகாப்பு செய்யாறில் நடந்தது. ஏழு வகை சாதம் கட்டி, பழம், பூ, வளையல் எல்லாம் எடுத்துக்கொண்டு கார் வைத்துக்கொண்டு போனோம். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். "ஜல்தி கெளம்பலாம், ராவுகாலம் வந்துடும்" என்று நான் பெண்ணின் பையைத் தேடினேன். பை கட்டியிருக்கவே இல்லை.

"அவ இங்கயே இருக்கட்டுங்க" என்றார் சம்பந்தியம்மா. "ஆஸ்பத்திரி பக்கத்துலயே கீது. இவனும் ஷிப்டு முடிஞ்சி வந்து பாத்துக்குவான்."

"இன்னாங்க பேச்சு இது? நீங்க சொன்னீங்கன்னுதான வூட்ட தொடச்சி காலி பண்ணேன்?"

"இருந்தா அனுப்பமாட்டேன்னு சொன்னேன். காலி பண்ணா அனுப்பறேன்னு சொன்னனா?"

நான் கத்த ஆரம்பித்தேன். மிச்சமிருந்த உறவுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெண் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அத்தைய ஒண்ணும் சொல்லாதம்மா. நாந்தான் வரலன்னு சொன்னேன்."

"எப்படி? எப்ப சொன்ன?"

"அவங்க ஆரணிக்கு வர்றதுக்கு மின்னாடியே."

"அப்பறம் எதுக்குடி பாவி அதுங்கள அனுப்ப சொன்ன?"

"எனக்காக அதுங்கள வுடுவியான்னு பாத்தேன்." சாத்தின கதவில் சாய்ந்துகொண்டாள். "ஸ்கூல் வுட்டு வந்தா ஒரு நாளாவது எம் மொகத்த பாத்துக்கீறியா? தலையில நூல் கீதான்னுதான பாப்ப. ஒரு பிரெண்ட வூட்டுக்கு கூட்டினு வர முடிஞ்சிதா? அந்த வேக்காட்டுல ஒரு பரீச்சைக்கு படிக்க முடிஞ்சிதா?"

"அதான் வுட்டுட்டனேடி! ஒண்ணு கெடையாது இப்ப வூட்ல!"

"எனக்காகவா வுட்ட? பேரப்புள்ள வருதுன்னு வுட்ட. நான் இருந்தப்ப வுட்டியா?"

உனக்கு என்னடி குறை வைத்தேன், தின்ன வைத்தேன், படிக்க வைத்தேன், முகூர்த்தப் பட்டை என் கையால் நெய்து கட்டினேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அழைத்துக்கொண்டு வருவதற்காக வைத்த காரில் நானும் அவரும் மட்டும் திரும்பினோம். வழியில் அவர், "அவ சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்தார். "வாயத் தொறந்தீங்க, எறங்கி நடந்துடுவேன்" என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தோம். கொடுத்தார்கள், மடியில் வைத்துக்கொண்டேன். குளிப்பாட்டுவதற்குச் சம்பந்தியம்மாவே இருந்தார். சாயந்திர பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

போன மாதம் ஒரு மத்தியானம், தறியில் உட்கார்ந்திருந்தேன், பெண் வீடியோவில் கூப்பிட்டாள். தோளில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இவள் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தது. "ரெண்டு நாளா இப்படித்தாம்மா. தூங்கவே மாட்டேங்குது, பேஜாரா கீது" என்றாள். வசம்பு தேய்த்தாயா, வயிற்றுக்கு ஓம வாட்டர் கொடுத்தாயா என்று கேட்டேன். எல்லாம் ஆயிற்று என்றாள். அப்புறம் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"யம்மா, நம்ம வூட்டு குருவிங்க சத்தம் உன் போன்ல எதுனா எடுத்து வெச்சிக்கீறியா?"

"எதுக்கு?"

"எனக்கு சின்ன வயசுல அது கேட்டாதான் தூக்கம் வரும்மா. இவளுக்கும் போட்டு பாக்கலாம்னுதான். போன்ல வேற ஏதேதோ குருவி சத்தம் போட்டேன், அது மாதிரியே இல்ல."

எடுத்துத்தான் வைத்திருந்தேன். வேலூர்க்காரன் வருவதற்கு முன்னால், அன்று விடிந்ததும் வலைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. அது நிறைய நேரம் ஓடும். தினமும் கேட்கிறேன்.

"இல்ல" என்றேன். "அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"சரிம்மா, போவட்டும்" என்றாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது, போன் கட் ஆனது. எதிர்த் தறியிலிருந்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

பிள்ளை அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நான் ஒன்றும் கல் இல்லை. ஆனால் அனுப்பமாட்டேன். அந்தச் சத்தம் வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வரட்டும், வந்து கேட்கட்டும்.