வெங்காயச் சருகு நிறம்

உலகச் சண்டை முடிந்தபின் துறைமுகத்திலிருந்தும் மில்லுகளிலிருந்தும் உடைந்த வைசுகள் நிறைய வந்தன. அரம் போடும்போது இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வைசு. என் வீட்டுக்காரர் அவற்றைச் சரி செய்தார். திருவொற்றியூரில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. நான் துருத்தி இழுப்பேன்.

ஒருநாள் உளித் தலையிலிருந்து சில்லு தெறித்து அவர் கண்ணில் போனது. அந்தக் கண் அன்றே போயிற்று. அது ஊருக்குத் தெரியும். சில மாதத்தில் மற்ற கண்ணும் மங்கி அணைந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்கள். வேலை இல்லை என்றால் சோறு இல்லை. நான் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தேன்.

வேலையை விடவில்லை. சுத்தியலால் தட்டி, சத்தத்தில் விரிசலைக் கண்டுபிடிப்பார். திருகின் மறை தேய்ந்திருந்தால் விரலால் தடவிச் சொல்வார். வைசின் வாய் நேராகச் சேருகிறதா என்று பார்க்க இரண்டு ஓரத்திலும் காகிதத் துண்டு வைத்து முறுக்கி இழுப்பார். இரண்டு துண்டும் உருவிக்கொண்டு வரக்கூடாது.

ஒன்றுதான் அவரால் முடியாது. வைசின் வாயில் இரண்டு உருக்குப் பட்டை உண்டு. பழைய அரத்தை வெட்டிப் புதிதாகச் செய்வோம். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மெல்லச் சூடு காட்ட வேண்டும். மேலே நிறம் ஓடும். சரியான நிறத்தில் தண்ணீரில் முக்கினால் பதம்.

"இன்னா மே கலரு?"

"எலுமிச்சம்பயம்."

"இப்போ?"

"வெங்காயச் சருகு."

உடனே முக்குவார். கத்திரிக்காய் நிறத்துக்குப் போனால் பட்டை வீண்.

ஆள் இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். நிறம் வந்ததும் துருத்தியை நிறுத்துவேன். அதுதான் அடையாளம்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி மேஸ்திரிதான் எங்களுக்கு வேலை கொடுத்தவர். நல்ல மனுஷன். ஒரு மத்தியானம் அவசரம் என்று வந்து உலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா, ஒத்தக் கண்ணுல ஒலகமே தெரியுதா?"

"பாதி ஒலகம் போதும் மாமு. மீதிய நீ பாத்துக்க."

மேஸ்திரி சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, வவுத்துப் புள்ளையோட இத்த இஸ்துகினு கீற? தள்ளு."

"பரவால்லண்ணா."

"அட, தள்ளும்மா."

துருத்திச் சங்கிலியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வீட்டுக்காரர் இடுக்கியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் என்ன சொல்ல முடியும்?

மேஸ்திரி வேகமாக இழுத்தார். எலுமிச்சை வந்தது. சருகு வந்தது. துருத்தி நிற்கவில்லை. நான் இருமினேன். துருத்திச் சத்தத்தில் வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. ஓரம் கத்திரிக்காய் நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியது.

"வெங்காயம்!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் இடது கையால் தண்ணீர் வாளி விளிம்பைத் தடவிப் பிடித்துப் பட்டையை முக்கினார்.

மேஸ்திரி சங்கிலியை விட்டார். எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். அவர் இமைக்கவில்லை.

"எப்போலேந்து?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன்.

"கண்ணு தெரியாதவன்கிட்ட வேல குடுக்கறேன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் என் சீட்டக் கிழிச்சிடுவான், தங்கச்சி."

பட்டையை அரத்தால் உரசிப் பார்த்தார். பதம் சரியாகத்தான் இருந்தது. வைசில் மாட்டி எடுத்துக்கொண்டார். சரி செய்யாமல் கிடந்த இரண்டையும் கைவண்டியில் ஏற்றச் சொன்னார். அதன் பிறகு அவர் வேலை கொண்டுவரவில்லை. பேச்சு பரவி, மற்றவர்களும் வரவில்லை.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் நான் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனேன். அவர் கொட்டகையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தன் சொந்த வைசின் கைப்பிடியைத் திருகுவார், திறப்பார்.

அதையும் விற்க வேண்டி வந்தது. வாங்க வந்தவர் அதே மேஸ்திரி. காகிதம் வைத்து முறுக்கி இழுத்தார். வரவில்லை.

"அந்தப் பட்டைக்கும் கலரு இவதான் சொன்னா, மாமு," என்றார் வீட்டுக்காரர்.

மேஸ்திரி குனிந்து ஸ்பேனரை மாட்டினார். போல்ட்டைக் கழற்றினார்.

வைசு இருந்த மேசைப் பலகையில் நாலு ஓட்டை மிஞ்சின. அந்த மழைக்கு விறகில்லாமல் பலகையை வெட்டி அடுப்பில் வைத்தேன்.