இரண்டு கட்டையில் சித்தி

என் சித்தி திரைச்சீலை தைக்கிறவர். அவர் வேலை செய்யும் அறையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் தொங்கிக்கொண்டிருக்கும். நீலத் துணி வந்த நாளில் அந்த அறைக்குள் போனால் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருக்கும். சித்தி மெஷினை மிதித்தபடி பாட்டு முணுமுணுப்பார். பாட்டு சூடுபிடித்துவிட்டால் கால் தாளத்தோடு போய்விடும், தையல் வளைந்துவிடும்.

"இந்த ஓரம் என்ன ராகம்?" என்று தையல் கடை முதலாளியம்மா கேட்பாராம்.

சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பாட்டுக் குழுவுக்குச் சித்திதான் கீபோர்டு வாசிப்பார். யாரிடமும் கற்றதில்லை. காதில் விழுந்ததை விரல் தேடிக்கொள்ளும். ஆனால் கருப்புக் கட்டைகளை அவர் தொடவே மாட்டார். எந்தப் பாட்டானாலும் 'ச' ஒரே வெள்ளைக் கட்டையில்தான். அதை ஒரு கட்டைச் சுருதி என்பார்கள். எங்கள் குழு பாடுவதோ அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டையில், இரண்டு கட்டையில். சித்தி கீபோர்டில் இருக்கும் ஒரு பட்டனை அழுத்திவிடுவார். விரல் பழைய இடத்திலேயே நடக்கும், சத்தம் மட்டும் மேலே கேட்கும்.

ஒருநாள் குழுவை நடத்தும் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். நூலக மண்டபத்தில் பாட அழைத்திருந்தார்கள்.

"அங்க பியானோவே இருக்கும்மா. உங்க பெட்டியத் தூக்கிட்டு வர வேண்டாம்."

"அதுல சுருதி ஏத்துற பட்டன் இருக்குமா?"

அவர் சிரித்தார். சித்தி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கஷ்டம்னா சொல்லிடுங்க. டாக்டரோட பொண்ணு வாசிக்கிறேன்னு சொல்றா. இனிமே நமக்கு அங்கதான் பாட்டு."

"கஷ்டம்னு யாரு சொன்னா?" என்றார் சித்தி. அவர் போனதும் என்னைப் பார்த்தார். "வாசிக்கிற அந்த நாற்காலி போச்சுன்னா எனக்குச் சனிக்கிழமையே கிடையாது."

அன்று மாலை பட்டனை அணைத்துவிட்டு, இரண்டாவது வெள்ளைக் கட்டையிலிருந்து தொடங்கினார். மழை விட்டு வெயில் வருவதைப் பற்றிய பாட்டு அது. வெள்ளைக் கட்டைகளிலேயே நடந்துபோனபோது அது அழுதது.

"யாரு செத்துட்டாங்க?" என்று சமையலறையிலிருந்து சித்தப்பா கேட்டார்.

"உங்க ரசனை!"

சித்தி ஒவ்வொரு சுரமாக அழுத்திப் பார்த்தார். மூன்றாவதில் மூக்கைச் சுளித்தார். விரல் பக்கத்துக் கருப்புக் கட்டைக்கு நழுவியது. அறைக்குள் வெயில் வந்தது. ஏழாவது சுரத்திலும் அப்படியே.

எதிரில் எப்போதும் போல அச்சடித்த பாட்டுத் தாள் நின்றது. சித்தி அதை ஒருநாளும் படித்ததில்லை. அதில் எந்தக் கோடு எந்தக் கட்டை என்று பள்ளியில் நான் மனப்பாடம் செய்திருந்தேன், எதற்கென்றுதான் தெரியாது. வரியின் தொடக்கத்தில் குட்டி வேலி போல இரண்டு ஷார்ப் குறிகள் இருந்தன, சுரத்தைப் பக்கத்து மேல் கட்டைக்கு ஏற்றச் சொல்பவை. எண்ணிப் பார்த்தேன். சித்தியின் விரல் நழுவிய அதே இரண்டு இடங்கள்.

"சித்தி, இங்க முன்னாடியே போட்டிருக்கு!"

"அதுவா? ஏதோ பூ வரைஞ்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஆரம்பத்துல மட்டும்தானே இருக்கு?"

"ஆரம்பத்துல போட்டா வரி முழுக்கச் செல்லும். நடுவுல சொல்ல மாட்டாங்க, நாமதான் ஞாபகம் வச்சுக்கணும்."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. வெள்ளைக் கட்டைகளின் வரிசையில் இரண்டு இடங்களில் நடுவே கருப்பு கிடையாது. அங்கே ஏற்றம் பாதிதான். பாட்டுக்கும் இரண்டு பாதி ஏற்றங்கள் வேண்டும், அவை அதனதன் இடத்தில் விழ வேண்டும். தொடங்கும் கட்டை மாறினால் இடம் தப்பிவிடும். அதைச் சரிசெய்யத்தான் கருப்புக் கட்டைகள். எவை என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் அந்தக் குறி.

பிறகு வந்த நாட்களில் சித்தி தைக்கிற துணியின் மேலெல்லாம் விரல்கள் நடந்தன. இரண்டு இடத்தில் மட்டும் விரல் சற்றே மேலேறும், தூக்கத்தில் படி ஏறுவது போல.

மண்டபத்தில் பியானோ கருப்பாக, அகலமாக நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் குனிந்து கிசுகிசுத்தார்: "வேணும்னா ஒரு கட்டைக்கு இறக்கிடலாம். சமாளிச்சுப்போம்."

இறக்கினால் பாட்டு கீழே இறங்கும் இடங்களில் பெண்களின் குரல் வெறும் காற்றாகிவிடும் என்று சித்திக்குத் தெரியும்.

"வேண்டாங்க. ரெண்டு கட்டையே இருக்கட்டும்."

வாசித்தார். நடுவில் ஒரு விரல் வெள்ளையிலேயே விழுந்தது. கண் சிமிட்டும் நேரம் மேகம் கடந்தது. குரல்கள் அதைத் தாண்டிப் போயின, சித்தியும் கூடவே போய்ச் சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் அடுத்த முறைக்கான பாட்டின் தாளை எடுத்து நீட்டினார். சித்தி முதல் வரியின் தொடக்கத்தில் விரல் வைத்தார்.

"இதுல மூணு இருக்கு," என்றார். "ஒரு வாரம் குடுங்க."