முதல் திங்கட்கிழமைகளில் அரியலூர் போய்வந்த அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அரியலூர்ப் பஞ்சாலையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. போனவர்களைப் பற்றி எழுதும்போது குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் அவருக்கு ஒரே தங்கை. ஒன்றிரண்டு குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அண்ணன் செந்துறையில் பிறந்தவர். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே காலரா தாய் தந்தை இருவரையும் கொண்டுபோய்விட்டது. இருந்த மானாவாரி நிலம் மழை பெய்தால்தான் சோறு போடும். ஆகவே அண்ணன் அரியலூர்ப் பஞ்சாலையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். பிறந்த வருஷம் அவருக்குத் தெரியாது. அன்றிருந்த மானேஜர் மீசையைப் பார்த்து ஒரு வயதை எழுதிக்கொண்டார். அண்ணனுக்கு மீசை சீக்கிரமே முளைத்துவிட்டது. அதனால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே கம்பெனிக் கணக்கில் ஐம்பத்தைந்து நிறைந்து, ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “மீச என்னைய ஏமாத்திப்புடுச்சு பாப்பா” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவருக்கு நான் கடைசிவரை பாப்பாதான்.

என்னை வரதராஜன்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகே அவர் திருமணம் செய்துகொண்டார். அண்ணி தலைப்பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் ஆலைக்குப் போய்விட்டார். கல்நெஞ்சக்காரர் என்று ஊரில் பேசினார்கள். எனக்கும் கோபம்தான். வேலையில் முறிவு விழுந்தால் அதுவரை உழைத்த வருஷங்கள் சேர்த்தியில்லை என்பது கம்பெனி விதி. அதைச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுமணப் பேச்சை எடுத்தவர்களிடமும் அப்படித்தான், எழுந்து போய்விடுவார்.

சர்க்கார் உத்தியோகம் என்றால் பென்ஷன் உண்டு. தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் கையை விரித்துவிடும். இந்த ஆலை முதலாளி தாராள மனதுக்காரர். இருபத்தைந்து வருஷம் இடைவிடாமல் உழைத்து, ஐம்பத்தைந்தில் ஓய்வு பெறுகிறவருக்கு உயிருள்ளவரை மாதாமாதம் உபகாரத் தொகை என்று ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆள் நேரில் வந்து மானேஜர் முன் நிற்க வேண்டும். செத்தவர் பெயரில் வேறொருவர் வாங்கிவிடக்கூடாதே!

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் சவரம் செய்துகொண்டு, சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். மானேஜர் முன் நிற்க எத்தனை நேரம் ஆகும்? மிச்ச நேரமெல்லாம் எடைக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்.

பிறகு புது மானேஜர் வந்தார். நல்ல பிள்ளை. ஒருநாள் அண்ணன் மழையில் நனைந்துபோய் நின்றதைப் பார்த்து மனம் இளகி, “இனிமே நீங்க அலைய வேணாம் பெரியவரே. மணியார்டர்ல அனுப்பிடறோம்” என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அண்ணனை அதிர்ஷ்டசாலி என்றார்கள். அடுத்த மாதம் தபால்காரர் பணத்தோடு வாசலில் வந்து நின்றார். அண்ணன் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பணத்தை வேண்டாம் என்கிற மனிதனை ஆலையில் யாரும் கண்டதில்லை. ஆள் போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மானேஜரும், அண்ணனோடு எடை போட்ட கோவிந்தனும் மாலையும் கையுமாகச் செந்துறைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அன்று விதைக்கடலை கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். வந்தவர்கள் பார்த்தது, வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த அண்ணனை.

கோவிந்தன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்றார்.

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உள்ள வாங்க சார், உள்ள வாங்க” என்று அண்ணன் கோடரியைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று உலை வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான்தான் சமைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மானேஜர் கேட்டார். “உங்க சௌகரியத்துக்குத்தானே பெரியவரே அனுப்பினோம்? ஏன் திருப்பிட்டீங்க?”

“எனக்கு அந்த சௌகரியம் வேணாங்க சார். மாசத்துல அந்த ஒரு நாளுதான் நான் இருக்கேனான்னு நாலு பேரு பாக்கறாங்க. அதையும் எடுத்துடாதீங்க.”

மானேஜர் சரியென்று தலையை ஆட்டினார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். மறுமாதத்திலிருந்து அண்ணன் பழையபடி போய்வந்தார்.

சென்ற ஆண்டு விஷக்காய்ச்சல் கண்டு, படுத்த சில நாட்களில் அண்ணன் காலமானார். பாலூற்றவும் தோள் கொடுக்கவும் ஓடிவந்த செந்துறைப் பக்கத்து வீட்டாருக்கும், காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவருக்கும், திருச்சியிலிருந்து வந்து கொள்ளி வைத்த என் மகனுக்கும் நன்றி.

கடைசி மாதத் தொகையை வாரிசு நேரில் வந்து வாங்க வேண்டும் என்பதும் விதிதான். முதல் திங்கட்கிழமை நான் போனேன். ஆலைக்குத் துக்கச் செய்தி எட்டியிருக்கவில்லை. “அண்ணன் பின்னால வராராம்மா?” என்று கோவிந்தன் வாசலைப் பார்த்தார். நான் சொன்னதும் கொட்டகையில் எடை போடுவதை நிறுத்திவிட்டார்கள். அங்கே அழுதவர்களுக்கெல்லாம் என் நன்றி.

மானேஜர் தொகையைக் கொடுத்துவிட்டு, “அண்ணனோட இது முடிஞ்சுதுங்கம்மா. இனி நீங்க வரத் தேவையிருக்காது” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தெரியும் என்றேன். என் வீட்டுக்காரர் இறந்து, மகனும் திருச்சிக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். “பஸ் வர்ற வரைக்கும் இங்க உக்காந்திருக்கட்டுமாங்க?” என்று கேட்டேன். அவர் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்காக அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பஸ் சீக்கிரம் வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.