மோட்டார் என்ற சொல்

தனுஜாவின் வீட்டில் ‘மோட்டார்’ என்ற சொல்லுக்குத் தடை. யாரும் சட்டம் போடவில்லை. அதைக் கேட்டாலே அவள் முகம் செத்துப்போகும், அவ்வளவுதான். ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் மோட்டார் சைக்கிளை விருந்தாளிகள்கூட ‘அது’ என்றார்கள். அப்படியொரு கூத்து.

விபத்து நடந்த அன்று, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை முடிந்தபோது கணவன் யுகேந்திரனுக்குக் கண் சொக்கியது. நான்தான் ஓட்டுவேன் என்று சாவியைப் பிடுங்கியவள் அவள். மழையில் வண்டி வழுக்கியது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவனுக்குத் தோள் நரம்பு அறுந்து, வலக்கை வெளியே திருப்ப முடியாமல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொள்ளவே அவளுக்குக் கூசியது.

பிறகு அறுவை சிகிச்சை. முதுகுத் தசை ஒன்றைத் தோள்பட்டை எலும்பிலிருந்து விடுவித்து, மேல்கை எலும்போடு இணைத்தார்கள். ஆனால் அந்தத் தசைக்குப் பழைய வேலை மட்டும்தான் தெரியும்: தோளைப் பின்னால் இழுப்பது. இழுப்பதாக நினைத்தால் கை வெளிப்பக்கம் திரும்பும் என்று பயிற்சி கொடுத்த காமாரியா மலாய் மொழியில் விளக்கினார். கதவை இழு, கயிற்றை இழு என்று வாரக்கணக்கில் சொல்லிப் பார்த்தார். கை அசைவேனா என்றது. கடைசியில், இவருக்குப் பழகிப்போன இழுப்பு ஏதாவது உண்டா என்று மனைவியிடம் கேட்டார்.

அவளுக்குத் தெரியும். நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து அவன் தினமும் தன் வண்டியைப் பின்னால் இழுத்தெடுப்பதை மாடியிலிருந்து பார்த்தவள். ஆனால் அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டாள்.

வராந்தாவில் நின்றபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. கையையும் கெடுத்தேன், இப்போது அதைத் திருப்பித் தரவும் எனக்கு வாய் வரவில்லையே என்று நினைத்தாள். விறுவிறுவென்று உள்ளே திரும்பினாள்.

“மோட்டார பின்னால இழுங்க,” என்றாள்.

அவன் கண்ணை மூடினான். கை நடுங்கியபடி வயிற்றை விட்டு விலகி, வெளிப்பக்கம் திரும்பியது. காமாரியா கைதட்டினார். தனுஜா விம்மி அழுதாள்.

“இத்தன நாளும் இது உங்களுக்குத் தோணவே இல்லியா?”

“முதல் நாளே தோணுச்சு லா,” என்றான் அவன். “உன் மூஞ்சப் பாத்தேன். விட்டுட்டேன்.”